வாஷர் அண்ணனின் இருதயப் பிரசங்கம்

ஸ்குரூ டிரைவரின் முனையைச் சமையலறைச் சுவரில் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு அழுத்தி, கண்ணை இறுக மூடிக்கொண்டு நிற்கிறார் வாஷர் அண்ணன். வீட்டுக்கார அம்மாள் கையில் கரண்டியோடு பின்னால் நிற்கிறாள். அடுப்பில் பால் பொங்கப் போகிறது. ஆனால் அவளுக்கு அங்கிருந்து நகர மனமில்லை.

"என்ன அண்ணே, நின்னுக்கிட்டே தூங்கிட்டீங்களா?"

"உஷ்! பேசுது."

"யாரு?"

"உங்க சுவருதான். ரொம்ப நாளா அழுதுக்கிட்டு இருக்கு. நீங்கதான் காதுல போட்டுக்கல."

ஸ்குரூ டிரைவரை ஒரு சாண் நகர்த்துகிறார். மறுபடி காதை வைக்கிறார். முகத்தில் ஒரு சிரிப்பு வருகிறது. குழந்தை ஒளிந்திருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டவரின் சிரிப்பு அது. சட்டைப் பையிலிருந்து தடித்த கறுப்பு மார்க்கரை எடுத்து, வெள்ளைச் சுவரில் பெரிய வட்டமாகப் போடுகிறார்.

"ஐயையோ, இப்பத்தான் சுண்ணாம்பு அடிச்சது! ஒரு சாக்பீஸ்ல போடக் கூடாதா? துடைச்சா போயிடும்ல?"

"அதனாலதாம்மா சாக்பீஸ்ல போடுறதில்ல" என்கிறார் அண்ணன். சிரிப்பு சட்டென்று அடங்கிவிடுகிறது. பால் பொங்கி அடுப்பை அணைக்கிறது.

குழாய் வேலை செய்கிறவர்கள் அந்த ஊரில் நிறையப் பேர் உண்டு. சுவரின் பேச்சைக் கேட்கிறவர் இவர் ஒருவர்தான். ஆள் வாட்டசாட்டமாக இருப்பார். கதவுக்குள் நுழையும்போது தோளைக் கொஞ்சம் சாய்த்துக்கொள்வார். ஆனால் கழுவுதொட்டிக்கு அடியில் படுத்தாரென்றால் பாம்புபோல வளைந்து நெளிந்து போய்விடுவார். சட்டைப் பையில் எப்போதும் ரப்பர் வாஷர்கள் கிடக்கும். பெரியது, சின்னது, புதியது, தேய்ந்தது எல்லாம் ஒன்றாகக் கலந்திருக்கும். நடந்தால் சத்தமே கேட்காது. ரப்பர் அல்லவா. அதுதான் வம்பாகப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் காணிக்கைப் பை வரும்போது, கண்ணை மூடிப் பாடிக்கொண்டே சட்டைப் பையில் கைவிட்டு அள்ளிப் போடுவார். பிற்பாடு காணிக்கையை எண்ணுகிறவர்கள் நாணயங்களுக்கு நடுவே வாஷர்களைப் பொறுக்கி எடுத்து, ஒரு காகிதத்தில் மடித்து அவரிடமே திருப்பிக் கொடுப்பார்கள். "அண்ணே, கர்த்தர் வீட்டுக் குழாய் ஒழுகலையாம், திருப்பி அனுப்பிட்டாரு" என்று சபையின் தையல்காரர் ஒருநாள் எல்லார் முன்பாகவும் சொன்னார். அன்றிலிருந்து அவருக்கு வாஷர் அண்ணன் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவருக்கும் அதில் வருத்தமில்லை. போனை எடுத்தால் "வாஷர் பேசறேன்" என்றுதான் ஆரம்பிப்பார்.

பாட்டு அவருக்கு உயிர். சுருதிக்கும் அவருக்கும் பழக்கம் கிடையாது. ஜெபம் பண்ணும்போது வேலைக்குப் போகிற வீடுகளையெல்லாம் வரிசையாகச் சொல்வார். "மாடி வீட்டு அம்மாவோட மூட்டு வலி, அவங்க வீட்டுத் தண்ணி மோட்டார், ரெண்டையும் தொடும் ஆண்டவரே" என்பார். சிரிப்பை அடக்க முடியாமல் பிள்ளைகள் நெளிவார்கள். அவருக்கு மோட்டாரும் மூட்டும் ஒன்றுதான். இரண்டும் ஓடவில்லையென்றால் ஒரு வீடு கஷ்டப்படும்.

இப்படி எல்லாரையும் சொல்லி ஜெபிக்கிற மனிதரின் ஜெபத்தில் ஒரே ஒரு பெயர் மட்டும் பல மாதங்களாக வரவில்லை. அது அவருடைய சகலையின் பெயர்.

சகலை என்றால் அவர் மனைவியின் தங்கை கணவர். எலக்ட்ரீசியன். ஒல்லியான ஆள். எப்போதும் எதையோ மறந்துவிட்டவரைப்போல அவசரமாக இருப்பார். "தண்ணி நான், கரண்டு அவன். ரெண்டும் ஒண்ணா இருந்தா ஆபத்துன்னு சொல்லுவாங்க. நாங்க ரெண்டு பேரும் இல்லாம ஒரு வீடு எழும்புமா?" என்று அண்ணன் பெருமையடித்துக்கொண்ட காலம் உண்டு. அக்காளும் தங்கையும் ஒரே பாத்திரத்தில் சமைத்து இரண்டு டப்பாக்களில் அனுப்புவார்கள். வேலை நடக்கும் கட்டடத்தில் மணல் குவியல்மேல் உட்கார்ந்து இருவரும் சாப்பிடுவார்கள். "டேய் சகலை, உன் டப்பாவுல மட்டும் எப்படிடா மூணு முட்டை?" "தங்கச்சிக்குப் பாசம் ஜாஸ்தி அண்ணே. அக்காவுக்கு உங்க வயித்தைப் பத்தின கவலை ஜாஸ்தி." இப்படியே பொழுது போகும்.

இந்த உறவு முறிந்தது, ஒரு பல் டாக்டரின் புது கிளினிக்கில். சுவருக்குள் குழாய் போகும் வழியெல்லாம் அண்ணன் சாக்பீஸால் கோடு போட்டிருந்தார். இது அவர்களுக்குள் வழக்கம். கோட்டுக்கு வெளியே சகலை எங்கு வேண்டுமானாலும் துளை போடலாம். அன்று என்ன அவசரமோ, சகலை கோட்டின் மேலேயே டிரில்லை வைத்து அழுத்திவிட்டார். தண்ணீர் பீய்ச்சி அடித்தது. டாக்டரின் புது நாற்காலி குளித்தது. அண்ணன் ஓடிப்போய் மெயின் வால்வை மூடிவிட்டுத் திரும்பி வருவதற்குள் டாக்டர் வந்து நின்று கத்திக்கொண்டிருந்தார். சகலை ஈரத்துணியால் சுவரைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "குழாய் போட்டவர் குறி போடலை சார். எனக்கு எப்படித் தெரியும்?"

அண்ணன் சுவரைப் பார்த்தார். கோடு இல்லை. சகலையின் கையிலிருந்த துணியைப் பார்த்தார். வெள்ளையாக மாவுபோல ஒட்டியிருந்தது. டாக்டர் திட்டுகிற திட்டையெல்லாம் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டார். சத்தம் போட்டே பழகிய மனிதர் அன்று வாயடைத்துப் போய் வீட்டுக்கு வந்தார்.

சகலை கெட்டவர் இல்லை. பயந்தாங்கொள்ளி. அதே வாரம் டாக்டரிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டார். பிறகு மனைவியோடு அண்ணன் வீட்டுக்கு வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார். "அண்ணே, பயத்துல என்ன பேசுறோம்னு தெரியாம பேசிட்டேன். தப்பு முழுக்க என்மேலதான். மன்னிச்சிடுங்க" என்று அழுதார்.

"அட, விடுங்க. மன்னிச்சாச்சு. உக்காருங்க" என்றார் அண்ணன்.

சமையலறையில் தேநீர் போட்டுக்கொண்டிருந்த அண்ணனின் மனைவி வடிகட்டியைக் கீழே வைத்தாள். இத்தனை வருஷமாக "வாடா போடா" என்று கூப்பிட்ட வாய் இப்போது "விடுங்க, உக்காருங்க" என்கிறது. மரியாதை வந்துவிட்டது. இனி இந்த வீட்டில் பழைய கலகலப்பு வராது என்று அவளுக்கு அப்போதே தெரிந்துபோயிற்று.

அவள் நினைத்தபடியே ஆயிற்று. அண்ணன் சண்டை போடவில்லை. சபை வாசலில் பார்த்தால் இரண்டு விரலை மட்டும் நீட்டிக் கைகொடுப்பார். ஆராதனையில் இடது பக்கத்துப் பெஞ்சிலிருந்து வலது பக்கத்துக்கு மாறிவிட்டார். கேட்டால் "அங்க மின்விசிறிக் காத்து வரல" என்பார். மின்விசிறியைப் போட்டதே சகலைதான். வேலைக்கு வேறொரு எலக்ட்ரீசியனைக் கூட்டிக்கொண்டார். அவன் காதில் எந்நேரமும் ஒயரை மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்பான். "நிறுத்து" என்று அண்ணன் கத்தினால், "நல்லா இருக்கா? தேங்க்ஸ்" என்பான். அவன் துளை போடும்போதெல்லாம் அண்ணன் டார்ச் விளக்கோடு பக்கத்திலேயே நிற்பார். சாக்பீஸையும் விட்டுவிட்டார். அழியாத மார்க்கர்தான். வீட்டுக்காரர்கள் வாயில் விழுந்து எழுந்தாலும் பரவாயில்லை, எழுதியது நிற்க வேண்டும்.

யாராவது சகலையைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும். "நான் என்னைக்கோ மன்னிச்சிட்டேனே" என்று முந்திக்கொள்வார். "பழகறதுக்குத்தான் இன்னும் மனசு வரல. மனசுன்னு ஒண்ணு இருக்குல்ல? அது வரட்டும்."

அக்காளுக்கும் தங்கைக்கும்தான் திண்டாட்டம். ஒருத்தி வீட்டுக்கு இன்னொருத்தி போய்வரக் கூச்சம். அக்காள் மழலையர் பள்ளியில் வேலை செய்கிறாள். தங்கை மருந்துக் கடையில். இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் அக்காள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் தங்கையோடு போனில் பேசுவாள். சுவருக்குள் சொட்டுகிற சொட்டையே கேட்கிற காதிடமா இதெல்லாம் நடக்கும்? அண்ணன் கதவைத் தட்டுவார். "தண்ணி வீணாகுது!" அவ்வளவுதான் சொல்வார். யாரோடு பேசுகிறாய் என்று கேட்கமாட்டார். கேட்டால் அவரும் ஏதாவது சொல்ல வேண்டி வரும்.

அவர்கள் சபையில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஆராதனை முடிந்து மண்டபத்தில் தேநீர் குடிக்கும்போது ஒரு பழைய பிஸ்கட் டப்பா சுற்றி வரும். உள்ளே மடித்த சீட்டுகள், ஒவ்வொன்றிலும் வேதத்திலிருந்து ஒரு சொல். சீட்டு எடுத்தவர் அடுத்த ஞாயிறு ஐந்து நிமிடம் அந்தச் சொல்லைப் பற்றிப் பேச வேண்டும். புத்தகம் பார்த்துப் படிக்கக் கூடாது. தன் பிழைப்பிலிருந்து பேச வேண்டும். டப்பாவைக் கட்டிக் காப்பவர் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். டப்பா டீச்சர் என்றால்தான் தெரியும். போன மாதம் 'பொறுமை' என்ற சீட்டு தையல்காரருக்கு விழுந்தது. அவர் பேசிய நீளத்தில் சபையாரின் பொறுமை கடைசி நூல் வரைக்கும் போய்விட்டது.

அண்ணனுக்கு விழுந்த சீட்டில் 'இருதயம்' என்று இருந்தது.

"அட, இவ்வளவு லேசானதா!" என்று அவர் சீட்டைத் தூக்கிக் காட்டினார். "அன்புதானே? ஜமாய்ச்சிடலாம்." எல்லாரும் கைதட்டினார்கள். மண்டபத்தின் கடைசியில் சகலை தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

அந்த வாரம் முழுவதும் அண்ணன் போகிற வீட்டிலெல்லாம் ஒரே கேள்வி. "இருதயம்னா என்னம்மா?" பால் பொங்கவிட்ட அம்மாள், "வாழ்த்து அட்டையில சிவப்பாப் போடுவாங்களே, அதுதான். பாசம், காதல்" என்றாள். மாடி வீட்டு ஐயா மருந்து டப்பாவை ஆட்டிக்காட்டி, "எனக்கு அது ஒரு பழைய மோட்டாருப்பா" என்றார். காதில் ஒயர் மாட்டிய எலக்ட்ரீசியன், "நல்லா இருக்கேன் அண்ணே" என்றான்.

வியாழக்கிழமை போதகர் வீட்டில் வேலை. கழுவுதொட்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு அண்ணன் பேச, போதகர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து டார்ச் பிடித்தார். பார்க்கிறவர்களுக்குப் போதகர் இரண்டு கால்களோடு பேசிக்கொண்டிருப்பதுபோல் இருக்கும்.

"ஐயா, இருதயம்னா அன்பு, பாசம். அத வச்சுப் பேசினா போதுமில்ல?"

"பேசலாம் அண்ணே. ஆனா வேதத்துல அது அதைவிடப் பெருசு. நாம மூளைக்குக் குடுக்கற வேலையெல்லாம் வேதம் இருதயத்துக்குக் குடுக்குது. மனுஷன் யோசிக்கிறது அங்கதான். ஞாபகம் வச்சிக்கிறதும் அங்கதான். இதைச் செய்வேன், இதைச் செய்யமாட்டேன்னு முடிவெடுக்கறதும் அங்கதான்."

"அழுகை, சிரிப்பு?"

"அதுவும் உண்டு. அது மட்டும்னு இல்ல. இருதயத்தைக் கடினப்படுத்திக்கிட்டான்னு ஒரு ராஜாவைப் பத்திச் சொல்லியிருக்கே, அவனுக்கு அழத் தெரியலைன்னா அர்த்தம்? விடமாட்டேன்னு முடிவு பண்ணிட்டான். பிடிவாதம். வாய் பேசறதெல்லாம் இருதயத்துல நிறைஞ்சு வழியறதுதான்னும் இயேசு சொல்றாரு. எல்லாத்தையும் விட அதைப் பத்திரமாப் பாத்துக்கோ, ஜீவன் ஊறிவர்ற இடம் அதுதான்னு இன்னொரு இடத்துல வருது."

இரண்டு கால்களும் மெல்ல மடங்கின.

"ஐயா, ஒரு சந்தேகம். மனசு வரலைன்னு சொல்றோமே. அது?"

"யாருக்கு மனசு வரல அண்ணே?"

"பொதுவாத்தான் கேட்டேன்."

"பொதுவாவே சொல்றேன். மனசு வரட்டும்னு உக்காந்திருக்கறதும் ஒரு முடிவுதான். அந்த முடிவையும் அந்த இருதயம்தான் எடுத்திருக்கு."

தொட்டிக்கு அடியில் 'டம்' என்று ஒரு சத்தம். அண்ணன் தலையை இடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வரும்போது அவருக்கு ஒரு யோசனை உதித்துவிட்டது. இடித்த இடத்தைத் தடவிக்கொண்டே பழைய சாமான்களைக் கிளறினார். ஒரு நீல வாளி, அதன் அடியில் துளைபோட்டு ஒரு பழைய இரும்புக் குழாய், நடுவில் ஒரு வால்வு, நுனியில் பளபளவென்று ஒரு புதுக் குழாய்முனை. எல்லாவற்றையும் ஒரு பலகையில் பொருத்தினார். வாளியின்மேல் மார்க்கரால் 'இருதயம்' என்றும், குழாய்முனைக்கு மேல் 'வாய்' என்றும் எழுதினார். பேச்சும் தயார். 'வாயில் வருகிற தண்ணீர் அழுக்காக இருந்தால் குழாய்முனையைத் தேய்த்து என்ன பயன்? தொட்டியைப் பார்க்க வேண்டும்.' எல்லாருக்கும் பொதுவான பேச்சு. யாரையும் குத்தாது. முக்கியமாக அவரைக் குத்தாது. போதகர் கடைசியாகச் சொன்னதை அதில் எங்கும் சேர்க்கவில்லை.

மனைவி துணி மடித்துக்கொண்டே பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. இந்தத் தொட்டியில என்ன ஊத்தப் போறீங்க?"

"தண்ணிதான். வேற என்ன?"

"நல்ல தண்ணியா?"

"குடிக்கிற தண்ணிதான்டி. ஏன் கேக்கற?"

"சும்மா கேட்டேன்" என்றாள். மடித்த சட்டையை உதறி மறுபடியும் மடித்தாள்.

ஞாயிறு காலை வாளியை நிரப்பி, வண்டி குலுங்கும்போது சிந்தாமல் இருக்கட்டும் என்று வால்வை இறுக மூடி, பலகையைச் சபை மண்டபத்துக்குக் கொண்டுபோனார். ஆராதனை முடிந்தது. தேநீர் வந்தது. டப்பா டீச்சர் கையைத் தட்டி எல்லாரையும் உட்காரவைத்தார். அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் நின்றார்.

"சபையாருக்கு ஸ்தோத்திரம். இந்த வாளி நம்ம இருதயம். இந்தக் குழாய் நம்ம வாய். நாம என்ன பண்றோம், வாயை மட்டும் பளபளன்னு தேய்ச்சு வச்சிக்கறோம். இப்பப் பாருங்க."

குழாய்முனையைத் திருகினார். 'புஸ்' என்று கொஞ்சம் காற்று வந்தது. தண்ணீர் வரவில்லை.

இன்னும் திருகினார். ஒன்றுமில்லை. கையால் தட்டினார். பலகையைச் சாய்த்துப் பார்த்தார். பிள்ளைகள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"அண்ணே, இருதயம் நின்னுடுச்சா?" என்று தையல்காரர் குரல் கொடுத்தார். மண்டபமே குலுங்கியது.

அண்ணனுக்குக் காது வரை சிவந்துவிட்டது. பழக்க தோஷத்தில் ஸ்குரூ டிரைவரை எடுத்துக் குழாயில் ஊன்றிக் காதை வைத்தார். "உஷ்" என்றார். சிரிப்பு இன்னும் பலமாயிற்று.

அப்போது கடைசி வரிசையிலிருந்து தயங்கித் தயங்கி ஒரு குரல் வந்தது.

"அண்ணே… வால்வு மூடியிருக்கு."

அந்தக் குரலை அண்ணன் திரும்பிப் பார்க்காமலே அறிவார். எத்தனை கட்டடங்களில், எத்தனை மாடிகளிலிருந்து அவரைக் கூப்பிட்ட குரல் அது. ஸ்குரூ டிரைவரைக் காதிலிருந்து எடுத்தார். வால்வைப் பார்த்தார். கைப்பிடி குறுக்கே நின்றது. ஊரிலுள்ள குழாய்களையெல்லாம் திறந்துவிடுகிற மனிதர், தன் கையால் மூடியதை மறந்துவிட்டு, சபை முன்னால் வாயைத் திருகிக்கொண்டு நிற்கிறார்.

ஸ்குரூ டிரைவரைப் பையில் செருகினார். சிரிப்பு அடங்கியது. டப்பா டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நான்தான் மூடினேன்" என்றார் கடைசியில். குரல் வழக்கத்தைவிடச் சின்னதாக இருந்தது. "வேற யாரும் மூடல. காலையில என் கையாலதான் மூடினேன். மூடிட்டு, தண்ணி வரலையேன்னு குழாயை அடிக்கறேன்."

போதகர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நான் வேற பேசறதுக்காக வந்தேன். அது கிடக்கட்டும். எனக்கு ஒருத்தர் மேல வருத்தம். யாருன்னு உங்க எல்லாருக்கும் தெரியும். அவரு வந்து மன்னிப்புக் கேட்டாரு. நானும் மன்னிச்சாச்சுன்னு சொன்னேன். வாயால சொன்னேன். இதோ இந்தக் குழாய் மாதிரி. காத்துதான் வந்துச்சு. மனசு வரட்டும், அப்புறம் பழகிக்கலாம்னு உக்காந்திருந்தேன். மனசு எங்கிருந்து வரும்? வால்வை மூடி வச்சது நானாச்சே."

வாளியைத் தொட்டுக்காட்டினார்.

"இன்னொண்ணு. இந்தத் தண்ணி என் தண்ணி இல்ல. குழாய் போடறவன் யாரும் தண்ணிய உண்டாக்கறதில்ல. அது மேல இருந்து வருது. ஆண்டவரு என்னை எத்தனை தடவ மன்னிச்சிருக்காரு. என் வீட்டுக்காரிகிட்ட கேளுங்க, பட்டியல் போடுவா. அவ்வளவு தண்ணிய வாங்கி வச்சிக்கிட்டு, ஒரு சொட்டு வெளிய விடமாட்டேன்னு நின்னேன்."

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கை அவள் கையைப் பிடித்திருந்தாள்.

"திறக்கறேன். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். ரொம்ப நாள் பூட்டி வச்ச குழாய் உடனே நல்ல தண்ணி குடுக்காது. இருமும். துப்பும். முன் வரிசையில இருக்கறவங்க காலைத் தூக்கிக்குங்க."

வால்வைத் திறந்தார். பழைய இரும்புக் குழாய் உறுமியது, இருமியது, பழுப்பு நிறத்தில் பொத்தென்று துப்பியது. முன் வரிசைப் பெண்கள் கூச்சலிட்டுக் காலைத் தூக்கினார்கள். கீழே வைத்திருந்த பாத்திரத்தில் பாதி விழுந்தது, மீதி தரையில் பரவியது. கொஞ்ச நேரத்தில் பழுப்பு வெளிறியது. பிறகு சீராக, தெளிவாகக் கொட்டத் தொடங்கியது.

அண்ணன் நிமிர்ந்து கடைசி வரிசையைப் பார்த்தார்.

"டேய் சகலை! பாத்துக்கிட்டே உக்காந்திருக்கியே, ஒரு துணி எடுத்துட்டு வாடா! தரையெல்லாம் தண்ணி."

அந்த 'டா' மண்டபத்தில் விழுந்ததும் அண்ணனின் மனைவி முகத்தைப் பொத்திக்கொண்டாள். சகலை ஓட்டமாக ஓடி, சமையலறையிலிருந்து துணியோடு வந்தார். இருவரும் முட்டி போட்டுத் தரையைத் துடைத்தார்கள். பெரிய முதுகும் சின்ன முதுகும் பக்கத்தில் பக்கத்தில்.

"நல்லாத் துடை. துடைக்கறதுலதான் நீ கெட்டிக்காரனாச்சே" என்றார் அண்ணன்.

சகலையின் கை நின்றுவிட்டது. "அண்ணே…"

"பழுப்புத் தண்ணிடா. இன்னும் கொஞ்சம் வரும். பொறுத்துக்கோ."

சகலை சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் துணியைப் பிழிந்தார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எனக்கும் கொஞ்சம் இருக்கு அண்ணே. சொல்லட்டுமா?"

"சொல்லு."

"அந்தக் காதுல ஒயர் மாட்டினவன் வேலைய நான் போய்ப் பார்த்தேன். அவனைக் கூட்டிக்கிட்டு வந்ததுக்குப் பதிலா என்னைக் கூப்பிட்டு ரெண்டு அறை விட்டிருக்கலாம் நீங்க. மாடி வீட்டுல சுவிட்சைப் போட்டா பக்கத்து ரூம்ல விளக்கு எரியுது."

அண்ணனின் வயிறு குலுங்கத் தொடங்கியது. சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அக்காளும் தங்கையும் இரண்டாவது தேநீர் கலக்கப் போனார்கள். ஒருத்தி போட்டதைப் பார்க்காமல் இன்னொருத்தியும் சர்க்கரை போட்டுவிட்டாள். சபையார் ஒருவர்கூட முகம் சுளிக்காமல் அந்தப் பாகைக் குடித்து முடித்தார்கள். "ஐந்து நிமிஷம் தாண்டிருச்சு" என்றார் டப்பா டீச்சர், யாரிடம் என்றில்லாமல், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று அண்ணன் சொல்லிக்கொள்வதில்லை. ராத்திரி படுக்கும்போது சில சமயம் அந்த வெள்ளை படிந்த துணி கண்முன்னால் வருமாம். அப்போது எழுந்து உட்கார்ந்து, "ஆண்டவரே, கைப்பிடி மறுபடி குறுக்க திரும்புது, பிடிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்வாராம். மனைவி சொல்லித்தான் இது வெளியே தெரியும். குளியலறைக் குழாய் இப்போது இரவில் வீணாக ஓடுவதில்லை. தங்கை நேராக வீட்டுக்கே வந்துவிடுகிறாள். அதனால் அண்ணனுக்கு வேறு தொல்லை. அவருடைய டப்பாவில் இன்னமும் இரண்டு முட்டைதான்.

பால் பொங்கவிட்ட அம்மாள் வீட்டில் தண்ணீர் சூடாக்கும் இயந்திரம் மாட்ட வேண்டியிருந்தது. தண்ணீரும் கரண்டும் சேர்ந்து வருகிற வேலை. இருவரும் வந்தார்கள். கறுப்பு வட்டத்தின்மேல் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தாலும் அது லேசாகத் தெரிந்துகொண்டுதான் இருந்தது. அம்மாள் சுவருக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து மறித்துக்கொண்டு நின்றாள்.

"அந்த மை பேனாவை உள்ள கொண்டுவரக் கூடாது. சொல்லிட்டேன்!"

அண்ணன் ஸ்குரூ டிரைவரை ஊன்றிக் காதை வைத்தார். கண்ணை மூடினார். கேட்டார். பிறகு வாஷர்கள் கிடக்கும் பைக்குள் கைவிட்டுத் துழாவி, ஒரு முழு வெள்ளைச் சாக்பீஸை எடுத்தார். குழாய் போகும் வழியை மேலிருந்து கீழே ஒரே இழுப்பில் கோடு போட்டார். சகலை டிரில்லைக் கையில் எடுத்துக்கொண்டு, அண்ணன் டார்ச்சைக் கொண்டுவந்து பக்கத்தில் நிற்பார் என்று காத்திருந்தார்.

அண்ணன் சாக்பீஸைச் சகலையின் சட்டைப் பையில் போட்டார். சுவருக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து, கை நிறைய வாஷர்களை மடியில் கொட்டி, பெரியதையும் சின்னதையும் பிரிக்கத் தொடங்கினார். பின்னால் டிரில் உறும ஆரம்பித்தது. அவர் திரும்பவில்லை.